எழுத்து விற்று ஆலை கட்டிய ஜாங் ஜியென்

கேள்வி இதுதான்: "சீனாவின் ஜவுளித் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஜாங் ஜியென் முக்கியமானவர் என்கிறார்கள். ஆனால் அவருடைய ஆலையைக் கடைசியில் வங்கிகள் எடுத்துக்கொண்டன என்றும் படித்தேன். அப்படியானால் அவர் ஜெயித்தவரா, தோற்றவரா?"

நீங்கள் படித்த இரண்டும் உண்மைதான். 1899-இல் யாங்சி ஆற்றின் வடகரையில் உள்ள நான்தோங்கில் தாஷெங் நூற்பாலையை ஓட விட்டவர் அவர். 1925-இல் கடன் கொடுத்த வங்கிகள் அந்த ஆலையின் நிர்வாகத்தைக் கையில் எடுத்தன. மறு வருடம் அவர் இறந்துபோனார். ஆனால் கதையை ஆலையிலிருந்து தொடங்கினால் இந்த மனிதர் பிடிபட மாட்டார். தேர்வு எழுதிய காலத்திலிருந்து வர வேண்டும்.

1853-இல் ஹாய்மென் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அன்றைய சீனாவில் அரசுத் தேர்வில் தேறினால்தான் பதவி, மரியாதை எல்லாம். ஆனால் மூன்று தலைமுறையாக வீட்டில் யாரும் தேறியிருக்கவில்லை என்றால், அந்தக் குடும்பத்துப் பையன் தேர்வுக்குப் போவதே பெரும்பாடு. உள்ளூர்ப் படிப்பாளிகள் வழி விட மாட்டார்கள், ஜாமீனுக்குப் பணம் கேட்பார்கள். அதனால் பக்கத்து ஊரான ருகாவில் இருந்த வேறொரு ஜாங் குடும்பத்தின் பேரன் என்று சொல்லி, வேறு பெயரில் எழுத வைத்தார்கள். பையன் தேறிவிட்டான். பேர் கொடுத்த குடும்பமோ அதையே பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் பணம் பறித்தது. விவகாரம் அதிகாரிகள் வரை போய், சொந்த ஊர்ப் பதிவுக்குத் திரும்ப 1873 ஆகிவிட்டது. குடும்பம் கடனில் மூழ்கியது.

அந்தப் பள்ளிக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தேர்வில் நூறு பேருக்குப் பின்னால் அவர் இடம் வந்தது. வாத்தியார் கோபத்தில், "ஆயிரம் பேர் எழுதி 999 பேரை எடுத்தால், எடுக்காத அந்த ஒருத்தன் நீதான்" என்று திட்டினார். பையன் 999 என்று எழுதி ஜன்னலில் ஒட்டினான், கொசுவலையில் ஒட்டினான். தலையணையை இரண்டு மூங்கில் குச்சிகளுக்கு நடுவே கட்டி வைத்துக்கொண்டான், தூக்கத்தில் புரண்டால் விழிப்பு வரட்டும் என்று. இந்தப் பிடிவாதத்தை மறக்க வேண்டாம். பின்னால் ஆலை கட்டும்போதும் இதுவேதான் வருகிறது.

1876-இல் தளபதி வூ சாங்சிங்கின் முகாமில் எழுத்தராகச் சேர்ந்தார். 1882-இல் அந்தப் படையோடு கொரியா போனார். அதே முகாமில் இருந்த ஒரு இளைஞருக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தார். அந்த இளைஞர்தான் பின்னால் சீனக் குடியரசின் அதிபரான யுவான் ஷிகாய். தளபதி இறந்த பிறகு பெரிய பெரிய ஆளுநர்கள் கூப்பிட்டும் போகவில்லை. ஊருக்குத் திரும்பி மறுபடி தேர்வு.

மாகாணத் தேர்வு ஆறு முறை, தலைநகர்த் தேர்வு நான்கு முறை. இவற்றுக்கு மட்டும் தேர்வு அறைக்குள் 90 நாள், சிறு தேர்வுகளுக்கு ஏறக்குறைய 30 நாள், ஆக நான்கு மாதம் அந்தச் சின்ன அறைகளில் கழிந்தது என்று அவரே கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். 1892-இல் நான்காம் முறை தோற்றதும் தேர்வுக்குக் கொண்டுபோகும் சாமான்களைத் தூக்கி எறிந்துவிட்டார். 1894-இல் பேரரசித் தாய் சிசியின் அறுபதாம் பிறந்தநாளை ஒட்டி ஒரு சிறப்புத் தேர்வு வந்தது. வயதான அப்பாவின் வார்த்தையைத் தட்ட முடியாமல், சாமான்களை நண்பர்களிடம் இரவல் வாங்கிக்கொண்டு போனார். பட்டியல் ஒட்டும் வரை முடிவு கேட்கக்கூடப் போகவில்லை. அந்த முறை பேரரசு முழுவதற்கும் முதலிடம். அதற்கு ஜுவாங்யுவான் என்று பெயர். வயது 41.

அதே வருடம் அப்பா இறந்துபோக, துக்கம் காக்க ஊருக்கு வந்தார். அதற்குள் ஜப்பானோடு நடந்த போரில் சீனா தோற்றது. 1895 ஏப்ரலில் கையெழுத்தான ஷிமோனோசெகி ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: துறைமுக நகரங்களில் வெளிநாட்டார் தொழிற்சாலை வைக்கலாம். அதுவரை துணியும் நூலும் கப்பலில் வந்தன. பம்பாய் ஆலைகளின் நூல் அந்தக் காலத்தில் மலைமலையாகச் சீனாவுக்குத்தான் போனது. இனி ஆலையே இங்கு வந்து உட்காரும், சீனப் பஞ்சை வாங்கி சீனர்களுக்கே நூலாக விற்கும். இதைப் பார்த்துத் துடித்தவர்களில் ஜாங் ஜியெனும் ஒருவர். ஆளுநர் ஜாங் ஜிதோங் அவரிடம், உங்கள் ஊரில் ஒரு நூற்பாலை தொடங்குங்கள் என்றார். எல்லாத் தேர்வுக்கும் மேலான தேர்வில் முதலிடம் பெற்றவர் வியாபாரத்தில் இறங்குவது என்பது அன்று கேள்விப்படாத விஷயம். அவரே பலமுறை தயங்கினார். வெறும் வாய்ப்பேச்சுப் படிப்பாளிகள் என்று உலகம் நம்மை இழிவாகப் பார்க்கிறது, அதை மாற்ற யாராவது இறங்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

நான்தோங்கைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல கணக்கு இருந்தது. அது பஞ்சு விளையும் மண். வீட்டுக்கு வீடு தறி. அங்கே நெய்த முரட்டுத் துணி வடகிழக்கே மஞ்சூரியா வரை போகும், குளிர் தாங்கும் கெட்டித் துணி என்று அங்கே நல்ல பேர். பஞ்சும் பக்கத்தில், நூலுக்கு ஆளும் பக்கத்தில். நம் ஊர்களில் ஆலை வைத்தவர்களைக் கேளுங்கள், இதைவிட வேறென்ன வேண்டும் என்பார்கள். தாஷெங் பெரும்பாலும் நூற்றது 12-ஆம் நம்பர் முரட்டு நூல். மெல்லிய நூல் நூற்றுப் பெயர் வாங்க அவர் ஆசைப்படவில்லை. பக்கத்துத் தெருத் தறிக்கு எது வேண்டுமோ அதை நூற்றார்.

பணம்தான் கிடைக்கவில்லை. ஷாங்காயில் பங்கு போடுகிறேன் என்று வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இன்னொரு பக்கம், ஆளுநர் ஹூபெய் மாகாணத்துக்காக இங்கிலாந்திலிருந்து வாங்கிய, நூல் நூற்கும் 40,800 இயந்திரக் கதிர்கள் ஷாங்காய்ப் படகுத்துறையில் பெட்டிகளில் துருப்பிடித்துக் கிடந்தன. அதை இரண்டாகப் பிரித்து, பாதியை ஜாங் ஜியென் எடுத்துக்கொள்ள, மறுபாதியைப் பெரும் அதிகாரியும் தொழிலதிபருமான ஷெங் ஷுவான்ஹுவாய் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஜாங்கின் பங்குக்கு வந்தது 20,400 கதிர்கள், அரசின் பங்காக இரண்டரை லட்சம் தேல் மதிப்பு. தேல் என்பது சுமார் 37 கிராம் வெள்ளி. ஆக, இயந்திரம் கிடைத்தது, கையில் காசு இல்லை. நடைமுறை மூலதனம் தருவதாக ஷெங் கொடுத்த வாக்கும் நிற்கவில்லை.

ஷாங்காய்க்குப் பணம் தேடிப் போய், திரும்பி வர வழிச்செலவுக்குக் காசில்லாமல் தன் கையால் எழுதிய அழகெழுத்தை விற்றார். ஜுவாங்யுவான் கையால் எழுதிய எழுத்துக்கு விலை உண்டு. ஆலை கட்டிய 44 மாதங்களில் ஆலைப் பணத்தில் ஒரு காசு தன் செலவுக்கு எடுக்கவில்லை. கல்விச்சாலையில் கற்பித்த சம்பளத்தில் குடும்பம் நடந்தது. மாலையானால் ஷாங்காயில் நிசெங் பாலத்துப் பக்கம் மின்விளக்கு வெளிச்சத்தில் நண்பர்களோடு மேலும் கீழும் நடப்பார்களாம். வானத்தைப் பார்ப்போம், தரையைப் பார்ப்போம், ஒரு வழியும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போது எனக்கு அவர் கூடவே நடப்பது போல இருக்கும். நாற்பத்தைந்து வயது மனிதர், நாட்டின் முதல் படிப்பாளி, தெருவிளக்கின் கீழே பஞ்சுக்குக் காசில்லாமல் நிற்கிறார்.

வழி சொன்னவர் ஷென் ஜிங்ஃபு என்ற உள்ளூர்த் துணி வியாபாரி. இருக்கிற பஞ்சு எல்லாவற்றையும் நூற்றுவிடுவோம், நூலை விற்று அந்தக் காசில் பஞ்சு வாங்குவோம், எத்தனை நாள் ஓடுகிறதோ ஓடட்டும் என்றார். 1899 மே 23 அன்று ஆலை ஓடத் தொடங்கியது. அதிர்ஷ்டமும் கூட நின்றது, நூல் விலை ஏறியது. சில மாதங்களில் ஆலை தானாக மூச்சு விட ஆரம்பித்தது. ஜாங் ஜியெனுக்குச் சிலை வைக்கும்போது பக்கத்தில் ஷென்னுக்கும் ஒன்று வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அரசு வேலையை விட்டுவிட்டு வந்து வருடக்கணக்கில் தினப்படி நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணன் ஜாங் சாவுக்கும் அப்படித்தான்.

தாஷெங் என்ற பெயர் 'இ ஜிங்' என்ற தொன்மையான நூலின் ஒரு வரியிலிருந்து வந்தது: வானும் மண்ணும் செய்யும் பெரிய நன்மை உயிர் தருவது என்பது அதன் கருத்து. நூல் கட்டுகளின் முத்திரை குய்ஷிங், தேர்வு எழுதுவோர் கும்பிடும் எழுத்துத் தெய்வம். ஆலையின் கூடத்தில் நான்கு ஓவியங்களை மாட்டியிருந்தார். கஷ்ட காலத்தில் கைவிட்டவர்களும் குழி பறித்தவர்களும் செடி, பறவை உருவில் அதில் இருந்தார்கள். ஒன்றில் உள்ளே வெறுமையாகிப்போன ஆப்ரிகாட் மரம். ஷெங்கின் மறுபெயரில் ஆப்ரிகாட் என்ற எழுத்து வரும், பார்க்கிறவர்களுக்கு உடனே புரிந்துவிடும். மறக்கக் கூடாது என்பதற்காக மாட்டிய படங்கள் அவை.

ஆலை காலூன்றிய பிறகு அவர் செய்ததுதான் மற்ற முதலாளிகளிடமிருந்து அவரைப் பிரிக்கிறது. பஞ்சை எடுத்த பிறகு கொட்டை மிஞ்சும். அதற்கு எண்ணெய் ஆலை. எண்ணெய்க் கசடுக்குச் சோப்புத் தொழிற்சாலை. இயந்திரம் பழுதானால் ஷாங்காய் போக வேண்டாம் என்று இரும்புப் பட்டறை. சரக்கு ஏற்ற நீராவிக் கப்பல் கம்பெனி, மாவு ஆலை, அச்சகம். அப்புறம் பஞ்சே போதவில்லை என்று 1901-இல் கடலோர உப்பு நிலத்தைத் திருத்த ஒரு கம்பெனி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மூ நிலம். ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய இருபதாயிரம். கடலுக்கு அணை கட்ட வேண்டும், நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும், நாணல் வளர்த்து மண்ணைப் பழக்க வேண்டும். 1905-இல் ஒரு புயல் அணைகளை உடைத்துக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள். லாபம் என்று ஒன்றைப் பார்க்க ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. பின்னாளில் கரைகளுக்கும் மதகுகளுக்கும் டச்சு இளைஞர் ஹென்ட்ரிக் தெ ரெய்க்கேயை வரவழைத்தார். 1919-இல் வேலைத்தலத்திலேயே காலரா வந்து அவர் இறந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. நான்தோங்கிலேயே புதைத்தார்கள்.

1903-இல் ஜப்பான் போய்ப் பள்ளிகளையும் பட்டறைகளையும் எழுபது நாள் போலச் சுற்றிப் பார்த்தார். அதே வருடம் நான்தோங்கில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் திறந்தார், தனியார் தொடங்கிய முதல் சீன ஆசிரியர் பள்ளி அது. திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரி, மெழுகுவத்தியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறைக் கதவிலும் பெயர்ப் பலகையைத் தானே அடித்து மாட்டினார். 1905-இல் அருங்காட்சியகம், சீனர் ஒருவர் அமைத்த முதல் அருங்காட்சியகம். 1912-இல் ஜவுளிப் பள்ளி. வெளிநாட்டு இன்ஜினீயர் இல்லாமல் ஆலை ஓட்டும் ஆட்களைத் தயாரிக்க நினைத்தார், பள்ளியும் அப்படியே தயாரித்தது. பிறகு எம்பிராய்டரிப் பயிற்சிப் பள்ளி. அதை நடத்த ஊசிக்கலையில் நாடறிந்த ஷென் ஷோ அம்மையாரைக் கூட்டிவந்தார். அவர் நோயில் படுத்தபோது, கையில் இருக்கும் வித்தை அவரோடு போய்விடக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதி 1919-இல் புத்தகமாகப் போட்டார். பார்வையற்றோர், காது கேளாதோர் பள்ளி 1916-இல் வந்தது. நாடகக் கொட்டகை, பூங்காக்கள், முதியோர் இல்லம், சாலைகள் என்று பட்டியல் போகும். ஆலைகள் தாங்ஜா என்ற பேட்டையில், துறைமுகம் தியான்ஷெங்கில், குடியிருப்பும் பள்ளிகளும் பழைய நகரில். ஒன்றின் புகை இன்னொன்றில் விழாதபடி முன்யோசனையோடு பிரித்து அமைத்தார்.

அரசியலை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனிக் கதை. அரசியல் சட்டம் வேண்டும் என்ற இயக்கத்தில் முன்னணியில் நின்றார், 1909-இல் ஜியாங்சு மாகாண ஆலோசனைச் சபைத் தலைவர் ஆனார். 1912-இல் பேரரசர் முடிதுறந்த ஆணையின் வரைவில் இவர் கை இருந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1913-இல் விவசாய, வர்த்தக அமைச்சர். பழைய மாணவர் யுவான் ஷிகாய் பேரரசராக ஆசைப்பட்டதும் பதவியை விட்டு ஊர் திரும்பினார். சுங்கப் புள்ளிவிவரத்தைப் பார்த்து, இறக்குமதியில் பஞ்சுச் சரக்கும் இரும்பும்தான் நாட்டை உறிஞ்சுகின்றன, இந்த இரண்டையும் முதலில் நாமே செய்ய வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னவர் அவர்.

சரி, ஆலை ஏன் விழுந்தது? உங்கள் கேள்வியின் கனமான பகுதி இது. ஊருக்குத் தானம் செய்தே அழிந்தார் என்று பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

முதலில், குவான்லி என்ற வழக்கம். பங்கு போட்டவருக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வருடம் எட்டு சதவீதம் கொடுத்தாக வேண்டும், பணம் கட்டிய நாளிலிருந்தே. ஆலைச் சுவர் எழும்பும் முன்பே நூறு போட்டவருக்கு எட்டு போகும். அப்படி வாக்குக் கொடுக்காமல் அன்றைய சீனாவில் யாரும் பங்கு வாங்க மாட்டார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெயர்தான் பங்கு, நடப்பில் அது வட்டிக் கடன். நல்ல வருடங்களில் அதற்கு மேலும் பிரித்துக் கொடுத்தார்கள். தேய்மானத்துக்கும் கெட்ட காலத்துக்கும் எடுத்து வைத்தது மிகக் குறைவு.

இரண்டாவது, ஆலையின் கல்லா எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுக் கல்லா மாதிரி ஆகிவிட்டது. பள்ளிகளுக்குப் போனது உண்மை. அதைவிடப் பெரிய ஓட்டை நிலம் திருத்தும் கம்பெனிகள் என்று நினைக்கிறேன். முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு வருவது குறைந்து, ஆலைகள் கொழித்தன. அந்தச் சூட்டில் கடலோரம் நெடுகப் புதிய நிலக் கம்பெனிகள், ஹாய்மெனில் மூன்றாவது ஆலை, ஒரு வங்கி என்று எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. நிலம் பத்து வருடம் கழித்துத்தான் திருப்பித் தரும். கடனோ குறுகிய காலக் கடன்.

மூன்றாவது, சந்தை. 1922 வாக்கில் பஞ்சு விலை ஏறியது, நூல் விலை சரிந்தது. நூற்பாலைக்காரர்களுக்கு இந்த ஒரு வரி போதும், மேலே விளக்கம் வேண்டாம். சீனாவுக்குள்ளேயே ஜப்பானிய ஆலைகள் பெருகிவிட்டன. மாகாணங்களைத் தங்கள் படையால் ஆண்ட யுத்தப் பிரபுக்களின் சண்டையில் வடகிழக்குத் துணிச் சந்தை முடங்க, நான்தோங் தறிகள் நூல் வாங்குவதைக் குறைத்தன. பக்கத்துத் தறியை நம்பி நின்றதுதான் தாஷெங்கின் பலம். அந்தத் தறி நின்றதும் அதுவே பலவீனமாகிவிட்டது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கடன் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. 1925-இல் வங்கிகள் உள்ளே வந்தன.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்ட நான் விரும்பவில்லை. நான்தோங்கைச் சுற்றி நூறு லி தூரத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டருக்கு, வேறு யாரும் நூற்பாலை வைக்கக் கூடாது என்று அரசிடம் உரிமை வாங்கி வைத்திருந்தார். ஆலைக்குள் பெண்களும் சிறுவர்களும் 12 மணி நேர ஷிப்டில் நின்றார்கள். கணக்குகள் பங்குதாரர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. ஊரில் எல்லாமே ஒரு குடும்பத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்தது. அந்தப் பள்ளிகளை நினைக்கும்போது இந்த ஷிப்டுகளையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

ஆனால் பணம் எங்கே போனது என்று பார்த்தால், அவர் வீட்டுக்குள் போகவில்லை. 1922-இல், எழுபதை ஒட்டிய வயதில், பார்வையற்றோர் பள்ளிக்கும் அநாதை இல்லத்துக்கும் செலவுக்கு இல்லாதபோது பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தன் கையெழுத்தை விற்றார். முதல் ஆலைக்கு வழிச்செலவு தேடியபோது செய்த அதே வேலை. வாங்க வருகிறவர்களுக்காகக் கண்ணாடி போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் எழுதினார்.

அறிஞர் ஹு ஷி அவரை மாபெரும் தோல்வி கண்ட வீரர் என்று எழுதினார், முப்பது வருடம் தனியாக முன்னோடியாக நின்று பல புதிய பாதைகளைத் திறந்தவர் என்றும் கூடவே சொன்னார். ஜெயித்தவரா தோற்றவரா என்ற உங்கள் கேள்விக்கு நான் ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டும் என்றால், கம்பெனி தோற்றது என்பேன். ஜவுளிப் பள்ளி 1952-இல் ஷாங்காயில் அமைந்த ஜவுளிப் பொறியியல் கல்லூரியோடு கலந்து, இன்று தோங்ஹுவா பல்கலைக்கழகத்தின் வேர்களில் ஒன்றாக இருக்கிறது. அருங்காட்சியகம் இன்னும் திறந்திருக்கிறது. வீட்டு உபயோகத் துணிகளுக்கு சீனாவிலேயே பெரிய சந்தைகளில் ஒன்று இன்று நான்தோங் பகுதியில்தான் இருக்கிறது. தாஷெங் என்ற பெயரில் நூற்பு இன்னும் நடக்கிறது.

1926 ஆகஸ்ட் தொடக்கத்தில், கடும் வெயிலில், உடம்பு சரியில்லாமலே இன்ஜினீயரோடு யாங்சிக் கரையின் தடுப்பு வேலைகளைப் பார்க்கப் போனார். வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த மாதம் 24-ஆம் தேதி இறந்தார். நாற்பது வருடம் கழித்து, கலாச்சாரப் புரட்சியின்போது அவர் கல்லறையை உடைத்துப் பார்த்தார்கள். பெரிய முதலாளி, தங்கம் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். உள்ளே இருந்தது ஒரு தொப்பி, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு விசிறி, அப்புறம் இரண்டு சின்ன உலோகப் பெட்டிகள். ஒன்றில் ஒரு பல், மற்றதில் குழந்தையாக இருந்தபோது எடுத்த முடி.